கொராலினா: கணுவைப் பார், நிறத்தைப் பார்க்காதே

வட அட்லாண்டிக் பாறைக்கரைகளில் கடல் வற்றியதும், நீர் தேங்கி நிற்கும் குழிகளின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக, தொட்டால் சொரசொரப்பாக ஒரு பாசி தெரியும். பெரும்பாலும் விரல் நீளம், மிஞ்சினால் 12 செ.மீ. இதுதான் கொராலினா அஃபிசினாலிஸ். 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் இதை விலங்குகளின் வரிசையில் வைத்தார். பவளம் போலிருக்கும் இதைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அவரைக் குறை சொல்லமாட்டார்.

நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். வெயில்பட்ட இடத்தில் நுனிகள் வெளுக்கும். முழுக்க வெளுத்ததும் உண்டு. லென்ஸில் கணுக்களைப் பாருங்கள்: சுண்ணாம்பேறிய துண்டுகளும், இடையிடையே சுண்ணாம்பில்லாத வளையும் மூட்டுகளும். அந்த மூட்டுதான் அலையில் ஒடியாமல் காப்பது. பக்கக்கிளைகள் எதிரெதிராக, இறகு போல ஒரே தளத்தில் வரும். கிளை இரண்டிரண்டாகப் பிரிந்து, நூல் போல மெல்லியதாக இருந்தால் ஜேனியா என்ற வேறொரு சுண்ணாம்புப் பாசியைச் சந்தேகியுங்கள்.

வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். ஆனால் இதன்மேல் சுருள் சுருளாக ஒட்டியிருக்கும் ஸ்பைரோர்பிஸ் புழுவின் வெள்ளைக் குழாயும் நுரைக்கும். அதை ஊசியால் நீக்கிவிட்டுச் சோதிக்கவும். மேலும், நுரைப்பது சுண்ணாம்பு இருப்பதைத்தான் காட்டும், இனத்தை அல்ல.

மாதிரி எடுக்கும்போது பாறையிலிருந்து பெயர்க்காதீர்கள். அடியில் பரவியிருக்கும் மேலோடு பிழைத்தால் அதிலிருந்தே மறுபடி தளிர்க்கும். கத்தரிக்கோலால் மேலே ஒரு கொத்து வெட்டினால் போதும். கடல்நீரிலேயே அலசுங்கள், நன்னீரில் ஊறவிட்டால் சிவப்பு நிறமி கரைந்து இறங்கிவிடும்.

மாதிரியைத் தாளில் அழுத்திக் காயவைக்கும்போது, மற்ற சிவப்புப் பாசிகள் பலவும் தம் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டாது, காய்ந்ததும் துண்டு துண்டாக உதிரும். அதனால் ஈரம் இருக்கும்போதே விரித்து அழுத்தி, காய்ந்தபின் பசையாலோ தாள் பட்டையாலோ பிடித்துவையுங்கள். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போடுவதாக இருந்தால் போராக்ஸ் சேர்த்து அமிலத்தை முறியுங்கள். இல்லையென்றால் சுண்ணாம்பு கரைந்து, ஜாடியில் தளர்ந்த நார்தான் மிஞ்சும்.

ஒரு சிறு நுனியைத் தனியே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டுவைப்பது நல்லது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் கொராலினா கேஸ்பிடோசா 2009-இல்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரிக்க டி.என்.ஏ.வே உறுதியான வழி. ஃபார்மலினில் ஊறிய துண்டிலிருந்து அதை எடுப்பது பெரும்பாடு.