இரண்டு சிறுகோடுகள்

போன வாரம் ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 'அடோன்மென்ட்' என்ற சொல் அதில் 'அட்-ஒன்-மென்ட்' என்று இரண்டு சிறுகோடுகளோடு கிடந்தது. ஏதோ பழைய கோப்பில் வரிக்கடைசியில் உடைந்த சொல், அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது போல என்று நினைத்தேன். கோடுகளை அழித்தேன், 'பாவநிவிர்த்தி' என்று போட்டேன், நகர்ந்துவிட்டேன். அடுத்த பத்தி முழுக்க 'ஒன்றாவது' பற்றியே பேசியபோதுதான் உறைத்தது. விஷயமே அந்தக் கோட்டில்தான் இருந்திருக்கிறது.

சொல்லைப் பிய்த்துப் பொருள் சொல்பவர்களை நான் லேசில் நம்புவதில்லை. 'ஹிஸ்டரி'யை 'ஹிஸ்-ஸ்டோரி' ஆக்கி 'அவனுடைய கதை' என்பார்கள். அது விசாரித்தறிவதைக் குறிக்கும் 'ஹிஸ்டோரியா' என்ற கிரேக்கச் சொல். 'அவன்' எங்கேயும் இல்லை. இதுவும் அந்த ரகம்தான் என்று மடக்கப் போய் நான்தான் மாட்டிக்கொண்டேன். நிஜமாகவே 'அட் ஒன்' என்ற தொடரோடு 'மென்ட்' சேர்ந்து பிறந்த சொல் அது. பிணங்கியவர்கள் மறுபடி ஒன்றாவது என்பதுதான் முதல் பொருள். வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் அது இடம்பிடித்தது. 1611 கிங் ஜேம்ஸ் பைபிளிலும் ரோமர் 5:11இல் நின்றது.

அப்புறம் ஏன் காதில் 'ஒன்' கேட்பதில்லை? மாறியது 'ஒன்'னின் உச்சரிப்புதான். முன்பு அதை 'ஓன்' என்பதுபோல நெடிலாகச் சொன்னார்கள். 'வ' ஒலி பின்னால் வந்து ஒட்டியது. 'அலோன்', 'ஓன்லி' இரண்டும் அதே 'ஒன்'தான், பழைய ஒலியை இன்னும் விடவில்லை. இதைப் படித்த பிறகு 'அலோன்' என்ற சொல்லை வாய்விட்டு நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் கட்டுரையாளர் ஒரு படி கூடவே போய்விட்டார். பழைய ஏற்பாட்டிலும் இதே பொருள்தான் என்கிறார். அங்கே இருப்பது எபிரேயம், யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான 'யோம் கிப்பூர்' என்பதில் வரும் அதே வேர். தூய்மையாக்குவது, ஈடு கட்டுவது என்ற பக்கம் போகும் சொல். அதில் 'ஒன்று' கிடையாது. ஆங்கிலச் சொல்லை எத்தனை துண்டாக்கினாலும் எபிரேயம் எப்படி உதிரும்?

சரி, தமிழில் என்ன போடுவது? பழைய தமிழ் பைபிளில் ரோமர் 5:11இல் 'ஒப்புரவாகுதல்' என்று இருக்கிறது. குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு, ஆனால் அங்கே அது ஊருக்கு உதவி வாழ்வது. என்றாலும் 'ஒப்பு' என்ற பகுதி காதில் விழுகிறதே என்று 'பாவநிவிர்த்தி'யை எடுத்துவிட்டு 'ஒப்புரவு' போட்டேன். ஆசைக்கு நானும் ஒரு கோடு கிழித்தேன்: 'ஒப்பு-ரவு'. 'ரவு' என்றால் என்ன என்று யாராவது கேட்டால்? உடனே அழித்துவிட்டேன்.