கை முந்துகிறது, தவில் பிந்துகிறது

போன ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கச்சேரியை, 50 நிமிடமும் விடாமல், ட்ரைபாடில் ஃபோனை வைத்து எடுத்தேன். மைக்செட்காரரைக் கெஞ்சி, அவருடைய மிக்சரிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டருக்குச் சத்தத்தைத் தனியாக இழுத்துக்கொண்டேன். படத்தையும் சத்தத்தையும் சேர்த்தால் முடிந்தது, ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

முதல் பிரதியை அனுப்பியதும் மாமா ஃபோனில் கூப்பிட்டார். அன்று தவில் வாசித்தவர் அவர்தான். "மாப்ள, கீர்த்தனை வரைக்கும் சரியாத்தான் இருக்கு. தனியில என் கை முன்னால போவுது, சத்தம் பின்னால வருதே?" தனி என்றால் தவில் மட்டும் வாசிக்கும் பகுதி. வேறு யாராவது சொல்லியிருந்தால் மழுப்பியிருப்பேன். தன் கை எப்போது தோலில் விழுந்தது என்று தெரிந்தவரிடம் என்ன சொல்வது?

என் லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம்தான், எச்.265 என்ற முறையில் நெருக்கிச் சுருக்கிய ஃபோன் வீடியோ அதில் திக்கித் திணறும். அதனால் முதல் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. பிராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் லேசான நகல், போட்டேன். டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆனால் கச்சேரியின் கடைசியில் படத்துக்கும் சத்தத்துக்கும் முன்பிருந்த அதே 2 விநாடி இடைவெளி. எடிட்டருக்குள் பார்க்கும்போது திக்குவது வேறு, சத்தம் நகர்வது வேறு. ஐந்து நிமிடத் துண்டை எக்ஸ்போர்ட் செய்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்து ரெக்கார்டர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, ஆடியோவின் வேகத்தை 100.07 சதவீதமாக்கினேன். தொடக்கமும் முடிவும் கச்சிதமாகப் பொருந்தின. நடுவில் எல்லாம் கோணல்! உண்மையில் இதுதான் துப்பு, எனக்குத்தான் உறைக்கவில்லை. இரண்டு கருவிகளுக்குள் இருக்கும் கடிகாரங்களின் வேகம் வேறுபட்டால் இடைவெளி ஒரே சீராக வளரும், வேகத்தை மாற்றினால் அடங்கிவிடும். இங்கே அது திடீர் திடீரென்று குதித்திருந்தது. ரெக்கார்டர் சத்தத்தை அணைத்துவிட்டு, ஃபோனே பதிவுசெய்த சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நழுவியது. பாவம் ரெக்கார்டர்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பது, நிலையானதல்ல, மாறக்கூடியது என்று காட்டியது: குறைந்தபட்சம் 24க்குப் பக்கம், அதிகபட்சம் 30. வெளிச்சம் குறைந்தால் சில ஃபோன்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அன்று ஜெனரேட்டர் மூன்று முறை முக்கியது, விளக்குகள் மங்கின. மொத்தம் ஒரு பத்து விநாடி இருக்கும். விநாடிக்கு 6 ஃபிரேம் குறைந்தால் 60 ஃபிரேம். எடிட்டர் எல்லாவற்றையும் 30 என்றே எண்ணியதால் படம் 2 விநாடி முன்னால் ஓடிவிட்டது. வீடியோ பார்க்கும் விஎல்சி பிளேயரில் மட்டும் ஃபோன் கோப்பு ஏன் ஒழுங்காக ஓடியது என்றால், அது ஒவ்வொரு ஃபிரேமின் நேர முத்திரையைப் பார்த்துக் காட்டுகிறது.

மருந்து எளிது. ஹேண்ட்பிரேக் என்ற, வீடியோவை மாற்றியெழுதும் மென்பொருளில் கோப்பைப் போட்டு, ஃபிரேம் ரேட் 30, அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் தடவை 'பீக்' என்பதிலேயே விட்டுவிட்டு ஓர் இரவை வீணாக்கினேன், அது உச்ச வரம்பு மட்டும்தான். தரத்துக்கான ஆர்எஃப் எண் 18, அது குறையக் குறையத் தரம் கூடும். கோப்பு பெருத்தது, பரவாயில்லை.

ஃபோன் சத்தம் படத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு நேராக ரெக்கார்டர் சத்தத்தை வைத்தபோது, முடிவில் 5 ஃபிரேம் வித்தியாசம். இதுதான் நிஜமான கடிகாரப் பிசகு. வேகத்தைத் தொடாமல், ஒவ்வொரு உருப்படியும் முடிந்து கைதட்டல் வரும் இடத்தில் வெட்டி, அடுத்த துண்டை மறுபடி பொருத்தினேன். தவில் அடி வேவ்ஃபார்மில், அதாவது சத்தத்தின் வரைபடத்தில், ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்பதால் தேட வேண்டியதே இல்லை. தனி நீளமானது, அதற்குள் மட்டும் கூடுதலாக ஓர் இடத்தில் வெட்டினேன்.

அப்புறமும் ஏதோ உறுத்தியது. ஃபோன் இருந்தது மேடையிலிருந்து சுமார் 20 மீட்டர் தள்ளி. ஒலி அவ்வளவு தூரம் வர 0.06 விநாடி ஆகும், அதாவது கிட்டத்தட்ட 2 ஃபிரேம். ஃபோனில் தாமதமாகக் கேட்ட சத்தத்தோடு மிக்சர் சத்தத்தைப் பொருத்தியதால் அந்தத் தாமதமும் கூடவே வந்துவிட்டது. மிக்சர் சத்தத்தை 2 ஃபிரேம் முன்னால் தள்ளியதும்தான் குச்சி தோலில் விழுந்தது.

கடைசியாக பென்டிரைவ் மக்கர் செய்தது. விநாடிக்கு 12 மெகாபிட்டில் எடுத்த கோப்பு 4.5 ஜிபி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. எக்ஸ்எஃப்ஏடிக்கு மாற்றினால் மாமா வீட்டு டிவி படிக்கவில்லை. 8 மெகாபிட்டில் மறுபடி எக்ஸ்போர்ட், 3 ஜிபி. எடுத்துக்கொண்டு போனேன். மாமா தனி முழுவதையும், அதில் சுற்றுகளை முடித்துவைக்கும் தீர்மானங்கள் உட்பட, தொடையில் தாளம் போட்டபடி பார்த்துவிட்டு, "இப்ப சரி மாப்ள. அந்த ரெண்டாவது தீர்மானம் நான் விட்டுட்டேன், அதை மட்டும் வெட்டிற முடியுமா?" என்றார்.