திங்கட்கிழமை காலையில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்

எங்கள் லேபில் வாரத்திலேயே கூட்டம் அதிகம் திங்கட்கிழமைதான். கையை நீட்டும்போதே பாதிப் பேர் முன்ஜாமீன் கேட்பார்கள். "நேத்து ஞாயித்துக்கிழமைம்மா, கறி சாப்பிட்டாச்சு. கொலஸ்ட்ரால் கூடக் காட்டுமோ?" அவர்களில் சிலர் முந்தின நாள் காலை எங்கள் அப்பாவிடம் அந்தக் கறியை வாங்கியவர்கள். உசிலம்பட்டியில் அப்பாவுக்குக் கறிக்கடை, எனக்கு ரத்தப் பரிசோதனை வேலை. யார் வீட்டில் எவ்வளவு கறி எடுக்கிறார்கள் என்பதும் தெரியும், அவர்கள் ரத்தம் என்ன சொல்கிறது என்பதும் தெரியும். (பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.)

ஒரு வேளைக் கறியால் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் மறுநாளே எகிறிவிடாது. அது மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்ததன் விளைவு. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு வேண்டுமானால் ஏறும். அதற்கும் கறியை மட்டும் குற்றம் சொன்னால் ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போன பரோட்டாவும், அதற்கு முன்னால் போன குவார்ட்டரும் தப்பித்துவிடும். கறி நேரடியாகக் காட்டிக்கொடுப்பது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற கிரியாட்டினின் சோதனையில். தசையில் இருக்கும் கிரியாட்டின், வேகும்போது கிரியாட்டினினாக மாறுகிறது. சாப்பிட்டவர் ரத்தத்தில் சில மணி நேரம் கூடுதலாக நிற்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் எண் கொஞ்சம் கூடித் தெரியும். அதனால்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலில் இந்தச் சோதனைக்கு முன் 12 மணி நேரம் கறி வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். இங்கே அதைச் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு. எல்லையில் ஒரு எண் வந்ததும் மனிதர் வெளிறிப்போய் உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர்களிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி என்ன சாப்பாடு என்றுதான்.

சரி, கறி கெடுதலா?

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிரான்சின் லியோன் நகரில் இருப்பது, 10 நாடுகளிலிருந்து 22 நிபுணர்களைக் கூட்டி 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தது. சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை முதல் குழுவில் வைத்தார்கள்: புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது. சிவப்பு இறைச்சி 2ஏ குழுவில்: உண்டாக்கக்கூடும். ஆடு, மாடு, பன்றி எல்லாம் இதில் ஒரே கணக்கு. ஊரில் இவற்றுக்கு நடுவே இருக்கிற மரியாதை வித்தியாசம் குடலுக்குத் தெரியாது.

சிகரெட்டும் அதே முதல் குழுவில் இருப்பதால் "மட்டனும் சிகரெட்டும் ஒண்ணு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி இன்றுவரை சுற்றுகிறது. மட்டன் அந்தக் குழுவிலேயே இல்லை என்பது ஒரு பக்கம். அந்தக் குழுக்கள் சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அவை சொல்லவில்லை. முகமையே எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவுமுறையால் உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 34,000 புற்றுநோய்ச் சாவுகள். புகையிலையால் 10 லட்சம்.

தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றார்கள். அந்த 18-ஐப் பார்த்து நூற்றில் 18 பேருக்கு வரும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். பிரிட்டன் கணக்கைப் பாருங்கள். மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களில் 1000 பேருக்கு 56 பேருக்கு வாழ்நாளில் அந்தப் புற்றுநோய் வரும். மிக அதிகமாகச் சாப்பிடுகிறவர்களில் 66. பத்துப் பேர் என்பது சின்ன விஷயமில்லை, ஆனால் வாட்ஸ்அப் பயமுறுத்துகிற அளவும் இல்லை. இந்தியாவில் இந்தப் புற்றுநோய் அங்கே இருப்பதைவிட ரொம்பவே குறைவு.

கறியைச் சிவப்பாக்கும் ஹீம் இரும்பு குடலில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசோ சேர்மங்கள் உருவாக உதவுகிறது என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்னொன்று, தீயில் நேரடியாகக் கருக்குவது. நம் குழம்பு இதில் தப்பித்துக்கொள்கிறது. கொதிக்கிற குழம்பு 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும், குக்கரில் 120 பக்கம். கருகலில் உருவாகும் வேதிப்பொருட்களுக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். கிரில் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

எல்லாரும் ஒத்துப்போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் ஒரு நிபுணர் குழு, சான்றின் தரம் குறைவு, இப்போது சாப்பிடுகிற அளவையே தொடரலாம் என்று எழுதி, பெரிய சண்டையே நடந்தது. நான் அந்தச் சண்டைக்குள் போவதில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு, ஓர் ஆளுக்கு வாரத்தில் வெந்த எடையில் 350 முதல் 500 கிராம். நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ எடுக்கிறார்கள் என்று வையுங்கள். எலும்பு போய், வெந்து சுருங்கியபின் மிஞ்சுவது அந்த ஒற்றை ஆளின் வரம்புக்குத்தான் சரியாக வரும். கிலோ 800, 900 ரூபாய் விற்கும்போது வாரம் தவறாமல் எடுப்பவர்களே குறைவு.

ஆனால் அந்தக் கறி நாலாகப் பிரிவதில்லை. சுக்கா வறுவல் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் போகும். சமைத்தவர் கடைசியில் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, நெஞ்செலும்பு ஒன்றோடு முடித்துக்கொள்வார். மறுநாள் அந்த அம்மாவின் ஹீமோகுளோபினைப் பார்ப்பது நான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கறியில் இருக்கிற இரும்பைக் கீரையில் இருப்பதைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஆக, கறி வேண்டியவர் தட்டில் எலும்பு, குறைக்க வேண்டியவர் தட்டில் கொழுப்போடு தொடைக்கறி. "சிவப்பு இறைச்சி கெடுதலா" என்று பொதுவாகக் கேட்டு, பொதுவாகப் பதில் சொன்னால் இரண்டு பேருக்குமே தப்பான பதில் போகும்.

அப்பா கடையில் சுவரொட்டியை வயசுக்கு வந்த பெண்ணுக்கென்று கேட்டு வாங்குவார்கள். மண்ணீரல்தான் அது. 100 கிராமில் 40 மில்லிகிராமை ஒட்டி இரும்பு, ஈரலைவிடப் பல மடங்கு. பாட்டிமார்கள் எந்த லேபுக்கும் போகாமலே கண்டுபிடித்த விஷயம். ஈரலைத்தான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆட்டு ஈரல் 100 கிராமில் இருக்கும் வைட்டமின் ஏ, ஒரு நாளுக்கான உச்ச அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அது மிகுந்தால் கருவுக்கு ஆகாது. பிரிட்டனில் கர்ப்பிணிகளை ஈரலைத் தவிர்க்கவே சொல்கிறார்கள். எங்கள் தெருவில் இதைச் சொன்னதற்கு "நாங்கள்லாம் தின்னு பெக்கலையா?" என்ற பதில்தான் கிடைத்தது.

நான் உண்மையிலேயே குறை சொல்வது, எடை போட்ட பிறகு "அண்ணே, கொஞ்சம் கொழுப்புப் போடுங்க" என்று இலவசமாக வாங்கிப் போகிறவர்களை. வெள்ளாட்டுக் கறி தன்னளவில் கொழுப்புக் குறைவானது. மேலே சேர்க்கிற அந்தக் கட்டிக் கொழுப்புதான் எல்டிஎல்லை ஏற்றும் வகை. அப்பா சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார்.

உப்புக்கண்டம் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தது, இதில் ரசாயனம் ஏது என்பார். பதப்படுத்தியது என்பதற்கு அந்த முகமை கொடுத்த விளக்கத்தில் உப்பிடுவதும் சேரும் என்று நான் விளக்கினேன். "அப்போ விக்கக் கூடாதா?" என்றார். தாராளமாக விற்கலாம், எப்போதாவது ரெண்டு துண்டு பொரித்துத் தின்கிறவரைப் பற்றி லியோனில் யாரும் கவலைப்படவில்லை, பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள், உப்பு அதிகம் என்றேன்.

"அவங்கதானம்மா வாங்குறதே" என்றார்.