ஊசிக்கு ஏற்ற துளை

பாட்டுக் கருவிகளின் சிக்னலை வாங்கி பவர் ஆம்புக்கு அனுப்பும் பிரீஆம்பைத் திருப்பி வைத்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க ஒரே மாதிரி வட்டத் துளைகள்தான். சிடி, டியூனர், ஆக்ஸ், டேப், போனோ என்று எழுத்து மட்டுமே மாறுகிறது. சிவப்பு வலப்பக்கம், வெள்ளையோ கருப்போ இடப்பக்கம் என்பது எல்லாவற்றுக்கும் பொது. போனோ ஒன்றைத் தவிர மற்றவை உள்ளுக்குள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சிடி பிளேயரை டியூனர் துளையில் செருகினாலும் பாட்டு குறையின்றிக் கேட்கும்.

இசைத்தட்டு பிளேயருக்கான போனோவின் கதை வேறு. சிடி பிளேயர் அதிகபட்சமாகச் சுமார் 2 வோல்ட் தருகிறது. இசைத்தட்டு பிளேயரில் ஊசியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சிறிய பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். அதில் மூவிங் மேக்னட் வகை தருவதோ பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் வகையில் பல அரை மில்லிவோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. அளவோடு வேறுபாடு முடிந்துவிடுவதுமில்லை. இசைத்தட்டில் பதியும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். தாழ்ந்த ஒலிகளைக் குறைக்காவிட்டால் பள்ளங்கள் அகன்று, தட்டில் பாட்டுக்கு இடம் போதாது. 1954 அளவில் பொதுவழக்காகிவிட்ட, எந்த ஒலியை எவ்வளவு கூட்டிக் குறைப்பது என்று சொல்லும் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவின்படி, 1 கிலோஹெர்ட்ஸை ஒப்பிட 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு கூடுதல். போனோ துளைக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் இதைத் தலைகீழாக்கி, சிக்னலையும் பெருக்கித் தருகிறது.

மதுரையில் மைக் செட் தொழிலில் இருந்த பெரியவர்கள், "எதுக்குப்பா போனோ, ஆக்ஸ்ல போடு, பாடும்" என்பார்கள். அவர்கள் சொல்வது தவறன்று. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட காலத்து இசைத்தட்டு பிளேயர்களில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருந்தது. அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், தன் இயல்பிலேயே வளைவையும் ஓரளவு சரிசெய்துகொள்ளும். அதே யோசனையை மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குப் பின்பற்றினால், வால்யூமை முழுக்கத் திருகினாலும் தகரத்தைச் சுரண்டுவது போன்ற மெல்லிய சத்தம்தான் மிஞ்சும். ஆகவே துளையைத் தீர்மானிப்பது பிளேயரின் விலையோ பெயரோ அன்று, அதன் ஊசிக்கு மேலே இருக்கும் அந்தச் சிறிய பெட்டிதான்.

இப்போது விற்கும் இசைத்தட்டு பிளேயர்கள் பலவற்றில் போனோ சர்க்யூட் உள்ளேயே இருக்கிறது. பின்னால் போனோ, லைன் என்று ஒரு சிறிய சுவிட்ச் வைத்திருப்பார்கள். லைனில் வைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் வேலை செய்யும். சுவிட்சை லைனில் விட்டுவிட்டு பிரீஆம்பின் போனோவில் செருகினால் திருத்தம் இருமுறை நடந்து, தாழ்ந்த ஒலி பெருத்து, பாட்டு உடைந்து வரும்.

பிறகு இசைத்தட்டு பிளேயரிலிருந்து வரும் அந்த மெல்லிய எர்த் கம்பி. அதை பிரீஆம்பின் பின்பக்கம் ஜிஎன்டி என்று எழுதிய திருகில் மாட்ட வேண்டும். சுவர் பிளக்கின் எர்த் பின்னில் அன்று. மாட்டாமல் விட்டால் பாட்டுக்கு அடியில் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது தாழ்ந்த ரீங்காரம், ஓடிக்கொண்டே இருக்கும். மாட்டிய பிறகும் ஹம் நிற்கவில்லை என்றால், ஊசியை இறக்காமல், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன் ஆர்மைத் தட்டுக்கு மேலாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் போகும்போது ஹம் கூடினால், பெரும்பாலும் அருகிலுள்ள ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணம். அதற்கு எர்த் கம்பி உதவாது, பிளேயரைத் தள்ளி வைப்பதே வழி. ஆனால் நீளமான கம்பி வாங்கி அறையின் மறுமூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். போனோ கம்பி நீளும்போது அதன் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கும் தன்மை) கூடும், அது கூடக் கூட மேக்னட் கார்ட்ரிட்ஜின் உச்ச ஒலி மாறிவிடும் என்பதால், ஒரு மீட்டர் அளவோடு நிறுத்துவது நல்லது.

மற்றவை எளிது. ஆப்டிகல் அவுட்புட் மட்டுமே உள்ள டிவிக்கு இடையில், டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் ஒரு டிஏசி தேவை. போனில் ஹெட்போன் துளை இருந்தால் அதிலிருந்து 3.5 மி.மீ. கம்பியில் ஆக்ஸுக்கு வரலாம். கேசட் டெக் இருந்தால், பிரீஆம்பின் டேப் அவுட் டெக்கின் இன்புட்டுக்கும், டெக்கின் அவுட்புட் டேப் இன்னுக்கும் போக வேண்டும். டேப் மானிட்டர் பட்டன் அழுந்தியிருந்தால் வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் சத்தமே வராது. பழைய பிரீஆம்ப் வாங்கியவர்கள் மெக்கானிக்கைத் தேடும் முன் அந்தப் பட்டனைப் பார்த்துவிடுவது மேல். எதைச் செருகும்போதும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் அணைந்திருக்கட்டும். எல்லாம் மாட்டி முடித்து, பிரீஆம்பைப் போட்ட பிறகே அதைப் போட வேண்டும். அணைக்கும்போது முதலில் அணைய வேண்டியது பவர் ஆம்ப்.