இம்ப்ளான்ட் ஸ்டிக்கரை வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்

அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அட்மிஷன், டெஸ்ட் எதிலும் சிக்கல் இல்லை. எங்களை அலையவிட்டது இம்ப்ளான்ட் ஸ்டிக்கர்தான், அதாவது உள்ளே வைத்த செயற்கை மூட்டு என்ன வகை, என்ன அளவு என்று அச்சிட்ட லேபிள்.

தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்டது, "சிமென்ட் வச்சதா, கோட்டிங் போட்டதா?" டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இடது இடுப்பு மூட்டு மாற்று' என்பதோடு சரி. செயற்கை மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் சிமென்ட் அன்றைக்கே இறுகிவிடும். கோட்டிங் போட்ட உலோகத்தை எலும்பு வளர்ந்துதான் பிடிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காலில் எவ்வளவு எடை போடலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரோ லீவில். அதே நேரத்தில் இன்சூரன்ஸிலும் ஸ்டிக்கர் இல்லையென்று க்ளெய்மை நிறுத்திவிட்டார்கள்.

மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டிருக்கணும் சார்." கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அவர் பில்லிங்குக்கு அனுப்பினார். பில்லிங்கில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகச் சொன்னார்கள். தியேட்டர் வாசல் செக்யூரிட்டி மறுபடி ரெக்கார்டுக்கே திருப்பிவிட்டார். எழுபது வயதுக்காரர் வாக்கரோடு வீட்டில் காத்திருக்கிறார், இவர்கள் இப்படிப் பந்தாடுகிறார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வழி சொன்னவர் வார்டு சிஸ்டர். "வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்குங்க" என்றார். மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். அதைக் குறிப்பிட்டு மனு கொடுத்ததும் ஃபைல் கிடைத்துவிட்டது!

ஆபரேஷன் குறிப்புக்குப் பின்பக்கத்தில் நான்கு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன: கிண்ணம், லைனர், உருண்டை, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு. எல்லாவற்றிலும் அளவும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) இருந்தன. தண்டின் ஸ்டிக்கரில் 'டைட்டானியம், எச்.ஏ. கோட்டட்' என்று இருந்தது. சீல் போட்ட நகலை வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

லீவு முடிந்து வந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். எச்.ஏ. என்பது ஹைட்ராக்ஸி அபடைட், நம் எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் வகைதான். அதனால் எலும்பு செல்கள் அதன்மேல் எளிதாக ஒட்டி வளரும். முதலில் ரத்தம் உறையும், அப்புறம் மென்மையான புது எலும்பு வரும், அது மெல்ல மெல்லக் கெட்டிப்படும். ஆரம்பத்தில் தண்டு அசையக் கூடாது. அசைவு சுமார் 150 மைக்ரானைத் தாண்டினால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் போனால், எலும்புக்குப் பதில் தழும்பு மாதிரி நார்த்திசு வளர்ந்துவிடும். பிடிப்பு வராது. அப்பாவுக்கு ஆறு வாரம் பாதி எடைதான் என்றார். பீடி கூடவே கூடாது. வலி மாத்திரையையும் கேட்காமல் போடக் கூடாது, சில வகை மாத்திரைகள் எலும்பு வளர்வதை மந்தப்படுத்தலாம்.

பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே, பிடிப்பு சரியில்லை என்று காட்டக்கூடிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். இல்லை. வாக்கரை விடச் சொல்லிவிட்டார். க்ளெய்மும் பாஸாகிவிட்டது.

ஸ்டிக்கர் நகலைப் போனிலும் படமெடுத்து வையுங்கள். ஸ்கேன் எடுக்கப் போனாலும், பின்னால் மூட்டை மாற்ற வேண்டி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.