தோள்சீலைய யாரும் சும்மா தூக்கித் தரல

"நம்ம பொம்பளைங்களுக்கு மேல்துணி போட உரிமை வாங்கித் தந்ததே வெள்ளைக்காரந்தான்"னு நம்ம குமரி மாவட்டத்துல இன்னைக்கும் நிறைய பேரு சொல்லுதாங்க. மிஷனரிமாரு செஞ்சத நான் மறைக்கல, ஆனா இப்படி சொல்லிச் சொல்லி அடிபட்ட பொண்ணுங்களயே மறந்துட்டோம், அது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அப்போ நம்ம பக்கம் திருவிதாங்கூர் ராஜா ஆட்சி, அவருக்கு மேல ரெசிடெண்டுன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி. நாடார் பொண்ணுங்க மேல்துணி போட்டு மாரை மறைக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருந்துச்சு. கர்னல் மன்றோ ரெசிடெண்டா இருந்தப்போ, கிறிஸ்தவங்களா மாறின நாடார் பொண்ணுங்க குப்பாயம் போட்டுக்கலாம்னு உத்தரவு வந்துச்சு. குப்பாயம்னா தொளதொளன்னு ஒரு சட்டை, அவ்வளவுதான். ஆனா இவங்க கேட்டது அது இல்ல, மேல்சாதிக்காரிங்க மாதிரியே தோள்ல சீலை. கேட்டுட்டு சும்மா இருக்கல, போட்டுக்கிட்டே சந்தைக்குப் போனாங்க. 1822-ல கல்குளம், இரணியல் பக்கம் அத்தனை பேரு பாக்க மேல்சாதிக்காரங்க துணியப் பிடிச்சு கிழிச்சாங்க, இந்தப் பொண்ணுங்க மறுபடியும் போட்டுக்கிட்டுப் போனாங்க. 1829-ல ராணி உத்தரவு, குப்பாயம் சரி, தோள்சீலை கூடாதுன்னு. அதுக்கு அப்புறமும் விடல பாருங்க!

இன்னொன்னு, லேஸ். 1820கள்ல நாகர்கோவில்ல மால்ட் பாதிரியாரோட மனைவி, அங்கிருந்த பொம்பளப் பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தாங்க. மடியில ஒரு தலையணை, அதுல குண்டூசி குத்தி, நூல் சுத்தின குச்சிகள மாத்தி மாத்திப் போட்டு பின்னுறது, கண்ணு போயிடும். அந்தக் காசச் சேத்து வச்சு அடிமையா இருந்த சில பிள்ளைங்க தங்களயே விலை கொடுத்து மீட்டுக்கிட்டாங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறைய ஒழிச்சதே 1855-லதான், இவங்க அதுக்கு முன்னாடியே!

1858 கடைசியில திரும்பவும் கலவரம், வீடெல்லாம் எரிஞ்சுது. சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்குனதுல, 1859 ஜூலை 26-ல உத்திரம் திருநாள் மகாராஜா உத்தரவு போட்டாரு. அதையாவது முழுசா தந்தாங்களா? குப்பாயம் போடலாம், இல்லன்னா மீன்பிடிக்கிற முக்குவர் வீட்டுப் பொண்ணுங்க மாதிரி முரட்டுத் துணி சுத்திக்கலாம், மேல்சாதிக்காரிங்க மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது. முப்பது நாப்பது வருஷம் அடி வாங்கினவங்களுக்கு கெடச்சது இதுதான். இதப் போயி வெள்ளைக்காரன் தந்த தானம்னு என் முன்னாடி யாராவது சொன்னா நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்.