மழைக்கு முந்திய கிழமைகள்

செப்டெம்பர் 17, புதன்

இன்று புரட்டாதி பிறந்துவிட்டது. கலண்டரில்தான், முற்றத்தில் இன்னும் ஆவணி வெயில். சிறுபோகம் வெட்டி முடிந்த வயல்களில் மாடுகள் நிற்கின்றன. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் குளக்கட்டை விட்டு எவ்வளவோ தூரம் உள்ளே போய்விட்டது. மற்ற நாட்களில் தண்ணீருக்கடியில் கிடக்கும் பட்டமரக் குற்றிகள் எல்லாம் வெளியே தெரிகின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம்.

ஆனாலும் பின்னேரம் குளக்கட்டில் நடக்கும்போது சோளகக் காற்றுத் தளர்ந்திருப்பது தெரிந்தது. போன மாதம் இதே இடத்தில் கண்ணுக்குள் புழுதி அடித்தது. இன்று தலைமயிர்கூடக் கலையவில்லை. வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த கிழமைகள் இவை. இந்த முறை கண்ணில் படும் சின்னச் சின்ன விஷயங்களையும் எழுதி வைப்பதென்று முடிவெடுத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 20, சனி

முதல் புரட்டாதிச் சனி. மாமியோடு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்தோம். கறுப்புத் துணித்துண்டில் எள்ளை முடிவது மாமியின் வேலை, நான் முடிந்தால் அவிழ்ந்துவிடுமாம். வீட்டுக்கு வந்து காகத்துக்குச் சோறு வைத்தோம். அது வந்து கொத்தும்வரை ஒருவரும் வாய் வைக்கக்கூடாது. பசியோடு கிணற்றடியில் நின்று "கா, கா" என்று கூப்பிட்ட அந்தப் பத்து நிமிடமும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மத்தியானம் சோறு பிசையும்போதும் விரலில் எள்ளெண்ணெய் மணம்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

பள்ளிக்கூடத்தால் வரும்போது தம்பி சேர்ட்டுக்குள் மூன்று விளாம்பழம் கொண்டுவந்தான். காட்டோரத்து விளாத்திக்குக் கீழே பொறுக்கியது. அந்தப் பக்கம் யானை வரும், தனியே போகாதே என்று ஏசிவிட்டுத்தான் பழத்தை வாங்கினேன்.

காதடியில் வைத்துக் குலுக்கினால் உள்ளே சதை ஓட்டை விட்டுக் கழன்று இடிபடும் சத்தம் கேட்க வேண்டும், அதுதான் பழுத்ததற்கு அடையாளம். இரண்டு பழம் சரி. மூன்றாவது இன்னும் காய், அதை அரிசிப் பானைக்குள் வைத்தோம். அம்மிக்கல்லில் தட்டி உடைத்து, சர்க்கரை போட்டு, ஓட்டுக்குள்ளேயே குழைத்துக் கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டோம்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

இன்று முழுக்கப் பனங்காய்.

புதுக்குடியிருப்பிலிருந்து மாமியின் தங்கச்சி ஒரு உரப்பை நிறையப் பனம்பழம் அனுப்பியிருந்தா. பை வந்து இறங்கியதும் வளவு முழுக்க அந்த மணம். பழங்களை நெருப்பில் போட்டுத் தோல் கருகச் சுட்டு, சூடு ஆறமுதல் தோலை உரித்தோம். பிறகுதான் பிழிகிற வேலை. கையைச் சட்டிக்குள் விட்டுக் கசக்கக் கசக்க, தும்புக்குள்ளிருந்து செம்மஞ்சளாகக் களி இறங்கும். விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் அந்த நிறம். ஒரு சட்டி களி எடுக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

களியைத் துணியில் வடித்து, சீனி போட்டுக் காய்ச்சினோம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பணியாரம் காறும். "கொதிக்கட்டும் பிள்ளை, கிண்டிக்கொண்டே இரு" என்று மாமி நாலைந்து தரம் சொன்னா. ஆறிய பிறகு கோதுமை மா சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக எண்ணெயில் விட்டோம். வெளியே நல்ல கபிலம், பிட்டால் உள்ளே மஞ்சள். சுடச்சுடச் சாப்பிடுவதைவிட அடுத்தநாள் காலை வெறுந்தேத்தண்ணியோடு சாப்பிடுவதுதான் திறம் என்பது என் எண்ணம். அதனால் பத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.

கொட்டைகளை எறியவில்லை. வேலியோரம் மண்ணைக் குவித்துப் பாத்தி போட்டு அடுக்கியாயிற்று. தை மாதம் கிழங்கு.

ஒக்டோபர் 2, வியாழன்

விசயதசமி. பக்கத்து வீட்டுச் சின்னவளுக்கு ஏடு தொடக்கினார்கள். தாம்பாளத்து அரிசியில் ஐயர் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்க, அவள் மற்றக் கையால் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

கிளிநொச்சிக்கு ஒரு அலுவலாகப் போய்த் திரும்பினோம். அலுவல் சரிவரவில்லை, நாளைக்குத் திரும்ப வரச் சொன்னார்கள். ஆனால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றது. ஏ9 வீதியால் போகிறவர்கள் இங்கே இறங்காமல் போவது அருமை. தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, மணலில் வறுத்த கச்சான் ஒரு பை வாங்கினேன். பை இன்னும் சுட்டது. மாங்குளம் வரை மடியில் வைத்து உடைத்து உடைத்து, கோதை யன்னலால் போட்டுக்கொண்டே வந்தோம்.

ஒக்டோபர் 8, புதன்

மழை!

மூன்று நாளாக மத்தியானத்தில் வானம் கறுத்து, இடித்து, ஏமாற்றிவிட்டுப் போனது. இன்று நாலு மணிக்குப் பெரிய பெரிய துளியாக விழுந்து முற்றத்துப் புழுதியில் குழி குழியாக ஆக்கியது. பிறகு ஒரே கொட்டு. இவர் விறாந்தையில் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மானாவாரிக் காணியில் புழுதி விதைப்பு முடித்துப் பத்து நாளாகிறது. அவ்வளவு நெல்லும் இந்த மழையை நம்பித்தான் மண்ணுக்குள் கிடந்தது. இரவு லைட்டைச் சுற்றி ஒரே ஈசல். லைட்டை நிற்பாட்டிவிட்டு இருட்டுக்குள் இருந்து சாப்பிட்டோம்.

ஒக்டோபர் 9, வியாழன்

விடிய வேலிக்கரையில் தம்பளப்பூச்சி. இரத்தச் சிவப்பு, மேலெல்லாம் வெல்வெட்டு. தொட்டால் எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு கிடக்கும்; மூச்சு விடாமல் காத்திருந்தால் முன்காலை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு மெல்ல நடக்கும். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது இதுதான். தம்பி ஐந்தைப் பிடித்து உள்ளங்கையில் வைத்திருந்தான். நெருப்புப் பெட்டிக்குள் போடக் கேட்டான். நான் சின்னனில் போட்டு, அடுத்தநாள் திறந்து பார்த்து அழுதது நினைவு வந்தது, அதைச் சொன்னேன். ஐந்தையும் புல்லில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனான்.

ஒக்டோபர் 11, சனி

வயலில் முளை தெரிகிறது. ஊசி ஊசியாக, கிட்டப்போய்க் குனிந்து பார்த்தால்தான் பச்சை.

பின்னேரம் விளக்கேற்றும்போது பின்வளவுப் பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுரமாக ஒரு விசில். திரும்பவும் அதே விசில். ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரப் பக்கத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இவ்வளவு தூரம் பறந்து வருகிற குருவி. சித்திரை வரை எங்கள் வளவில் நிற்கும். பச்சை முதுகும் நீலச் செட்டையும் நாளைக்குச் சருகு கிளறும்போது காணலாம், இன்று குரல் மட்டும்தான். தம்பி ஓடிப்போய் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு சுவர்க் கலண்டரில் பதினொன்றாம் திகதிக் கட்டத்துக்குள் பென்சிலால் '6.04' என்று எழுதினான்.